அவசரம்: மலைப் படம் குழைந்து வருகிறது, லென்ஸ் போச்சா?

பாலாறு_72 (செவ்வாய், இரவு 10:40)
எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையை ஒரே இடத்திலிருந்து நாலு பருவத்திலும் எடுத்து, நாலையும் ஒரே சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று ஆசை. நவம்பரில் எடுத்தது நன்றாக வந்தது. ஜனவரியும் அப்படித்தான். போன ஞாயிறு எடுத்த சித்திரைப் படம் மட்டும் குழைந்த சோறு மாதிரி இருக்கிறது, மரம் எது பாறை எது என்று பிரியவே இல்லை. ஆட்டோ ஃபோகஸ், கையால் ஃபோகஸ், இரண்டும் பார்த்துவிட்டேன். முக்காலியில்தான் வைத்தேன். கடையில் கழற்றிப் பார்க்கவே 1,500 ரூபாய் கேட்கிறார்கள். ஞாயிறு மறுபடி போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

முள்ளுக்கத்திரி
என்ன கேமரா, என்ன லென்ஸ், எத்தனை மி.மீ.? படத்தையும் போடுங்கள் சார். குழைந்த சோறு என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

ராந்தல்
பூஞ்சைதான், வேறொன்றுமில்லை. 2015 மழைக்கு என் லென்ஸ் பீரோவில் துணிகளோடு இருந்தது, தை மாதம் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது. இருட்டறையில் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து முன்னால் இருந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

எஃப்8_வாத்தியார்
கேள்வி கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ, நேரம், தூரம், எதுவும் இல்லை. இதற்குப் பதில் சொல்ல வள்ளுவர் கோட்டத்தில் கிளி ஜோசியக்காரர்தான் வர வேண்டும். இந்தக் குழுவில் இதை எத்தனை முறை சொல்வது?

கோட்டை_அகழி
முக்காலியில் வைத்துவிட்டு லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் பொத்தானை ஆனில் விட்டிருப்பீர்கள். அது இல்லாத நடுக்கத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆஃப் செய்தால் முடிந்தது.

பாலாறு_72 (புதன், காலை 7:15)
மன்னிக்கவும், நேற்று தூக்கக் கலக்கம். கேமரா சின்ன சென்சார்தான், 55-250 லென்ஸ், 250இல் வைத்தேன். அபர்ச்சர் எஃப்/11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. அகழி அண்ணா, அந்தப் பொத்தான் நவம்பரிலும் ஆனில்தான் இருந்தது, அப்போது ஒன்றும் ஆகவில்லையே. டார்ச் அடிக்க இன்னும் நேரமில்லை.

ராந்தல்
அடித்துப் பாருங்கள் தம்பி. அடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

கோட்டை_அகழி
அப்படியானால் மலைத் தீப் புகை. மாசி, பங்குனி முழுக்க எங்காவது சருகு எரிகிறது.

ஆரணிக்காரன்
புகையென்றால் படம் வெளுக்கும், நீலம் பூக்கும், ஆனால் விளிம்பு விளிம்பாகவே இருக்கும். இவர் மரம் பிரியவில்லை என்கிறார். தம்பி, இரண்டே கேள்வி. எங்கே நின்றீர்கள்? எத்தனை மணி?

பாலாறு_72
அமிர்தி போகும் ரோட்டில் ஒரு ஏரி, அங்கிருந்துதான். போன வாரம் காலையில் ஒரு கல்யாணம், பந்தி முடித்துவிட்டுப் போனேன், பதினொன்று பதினொன்றரை இருக்கும். ஏரியில் தண்ணீர் சுத்தமாக வற்றிவிட்டது, அதனால் உள்ளே இறங்கி நடந்து மலைக்கு இன்னும் கிட்டே போய் வைத்தேன். நவம்பரில் கரைமேல் நின்றேன்.

எஃப்8_வாத்தியார்
"ஒரே இடத்திலிருந்து" என்று ஆரம்பித்தவர் இவர்தான்.

ஆரணிக்காரன்
விடுங்கள் வாத்தியாரே, அவர் சொன்னதே பெரிய விஷயம். லென்ஸுக்கு ஒன்றுமில்லை தம்பி. கடைக்குப் போகாதீர்கள்.

நீங்கள் எடுத்தது மலையை இல்லை, கானலை. வெறும் ஏரி மண் காலை பத்துக்கே தோசைக்கல்லாகிவிடும். அதை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இரண்டுக்கும் அடர்த்தி வேறு, அதனால் வழியில் வரும் ஒளி ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு பக்கம் வளையும். தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தெரிகிறதே, அதே சங்கதிதான். நீங்கள் மலைக்கு 200 மீட்டர் கிட்டே போகவில்லை, அடுப்புக்குள் இறங்கியிருக்கிறீர்கள். அதுவும் முக்காலி உயரத்தில், தரையோடு தரையாக, பல கிலோமீட்டர் தூரத்து மலைக்கு 250 மி.மீ. எஃப்/11 வைத்தாலும் எஃப்/16 வைத்தாலும் இது சரியாகாது. கணினியில் ஷார்ப்னெஸ் ஏற்றினால் குழைந்த சோற்றுக்குப் பொரி தூவிய மாதிரி இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், மலை விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். கொதிக்கும் தண்ணீர் மாதிரி நெளிந்தால் காற்று. நெளியாமல் மங்கலாகவே நின்றால் ராந்தல் சார் சொன்னதை யோசிக்கலாம். இல்லையென்றால் விடியற்காலையில் தெருமுனைப் பெயர்ப்பலகையை முப்பதடியிலிருந்து எடுத்துப் பாருங்கள், எழுத்து கூர்மையாக வந்தால் லென்ஸ் சுத்தம்.

ஞாயிறன்று கரைமேல் ஏறி, சூரியன் வந்த அரைமணி நேரத்துக்குள் எடுங்கள். இரவெல்லாம் மண் ஆறியிருக்கும். நேரம் தப்பினால் ஷட்டரை 1/500க்கு மேல் ஏற்றி இருபது படம் தொடர்ச்சியாக அடித்து, அதில் நல்லதைப் பொறுக்குங்கள். காவலூரில் இதே மலைமேல்தான் சுமார் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நட்சத்திரம் மினுக்குவதும் இந்தக் காற்றால்தான், அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்திருந்தாலும் காற்று அடங்கினால்தான் அங்குள்ள வானியலாளர்களுக்கும் கூர்மை.

முள்ளுக்கத்திரி
ஏரிக்குள் இறங்கினேன் என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம் சார்.

பாலாறு_72
அது முக்கியம் என்று தோன்றவில்லை. அக்கா பையன் கொலராடோவில் இருக்கிறான், ஆஸ்பென் மரக் காட்டை நாலு பருவத்திலும் எடுத்து அனுப்பினான். பச்சை, தங்கம், மொட்டை, பனி. மத்தியானம் எடுத்ததுகூட கண்ணாடி மாதிரி இருந்தது, அதனால் நேரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

சுருதி_டென்வர்
நான் டென்வரில்தான் இருக்கிறேன், சொந்த ஊர் குடியாத்தம். இரண்டையும் ஒப்பிடாதீர்கள். டென்வர் ஊரே 1,600 மீட்டர் உயரம், ஆஸ்பென் காடு அதற்கும் ரொம்ப மேலே. காற்று வறண்டு மெலிந்து இருக்கும். இங்கே பிரச்சினை வேறு. ஆஸ்பென் இலைக்காம்பு தட்டையானது, லேசான காற்றுக்கே படபடக்கும், நம்மூர் அரசிலை மாதிரி. முக்காலி போட்டு 1/60இல் எடுத்தால் மலை கல்லாக நிற்கும், இலை மட்டும் மஞ்சள் கஞ்சி. அதனால் 1/500.

தங்கம் செப்டம்பர் கடைசியில் வரும், மேலே இருக்கும் மரங்கள் முதலில். இரண்டு வாரம் கூட நிற்காது, ஒரு பெருங்காற்று அடித்தால் போச்சு. ஒரு வேரிலிருந்து கிளைத்த மரங்கள் எல்லாம் ஒன்றாக மஞ்சளாகும், பக்கத்துக் கூட்டம் இன்னும் பச்சையாக நிற்கும், மலைச்சரிவில் ஒட்டுப்போட்ட துணி மாதிரி. உட்டாவில் பாண்டோ என்று ஒரு காடு, 43 ஹெக்டேர், சுமார் 47,000 தண்டு, எல்லாம் சேர்ந்து ஒரே மரம். பனியில் எடுக்கும்போது கேமரா சொல்வதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி சாம்பலாகிவிடும்.

இன்னொன்று. நாலு படத்தை ஒரே சட்டத்தில் போடப்போகிறீர்கள் என்றால் ஒயிட் பேலன்ஸை (ஒளிக்கு ஏற்ப கேமரா நிறத்தைச் சரிசெய்வது) ஆட்டோவில் விடாதீர்கள். அது பருவத்தின் நிறத்தையே தின்றுவிடும். டேலைட்டில் நிறுத்துங்கள். ரா, அதாவது கேமரா பதப்படுத்தாத கோப்பாக, எடுத்தால் பிறகும் மாற்றலாம்.

பாலாறு_72
ஜேபெக்தான். ஆட்டோதான். நம்ம மலையில் இந்த மாதிரி தங்கமாகும் மரம் உண்டா?

ராந்தல்
நமக்கு இலை இல்லை, பூ. மாசியில் புரசு பூத்தால் மலை தீப்பிடித்த மாதிரி. சித்திரையில் சரக்கொன்றை. தங்கம் வேண்டும் என்றால் இதுதான் தங்கம்.

எஃப்8_வாத்தியார்
முதலில் நாலு பருவம் என்பதே இரவல். நமக்கு ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எடுத்தால் ஆறு படம் எடுக்க வேண்டும். கொன்றை கார்காலத்துப் பூ, சங்கப் பாட்டு தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராந்தல்
பாட்டில் இருக்கலாம் வாத்தியாரே. எங்கள் வீட்டு வாசல் கொன்றை ஒவ்வொரு சித்திரையிலும் பூக்கிறது. அதற்குப் பாட்டு தெரியாது போல.

ஆரணிக்காரன்
கணக்குப்படி முதுவேனில் ஆனி, ஆடி. வேலூரில் கத்திரி வெயில் சித்திரை, வைகாசியிலேயே அடித்துவிட்டுப் போகிறது. ஆடியில் சாயங்காலம் இடியோடு மழை. அந்த ஆறை அப்படியே வைத்தால் இளவேனில் படத்தில்தான் ஆள் மயக்கம் போட்டு விழுவார்.

எஃப்8_வாத்தியார்
பருவம் என்பது வெப்பமானி இல்லை.

முள்ளுக்கத்திரி
பாவம், அவர் லென்ஸ் கேட்க வந்தார்.

கோட்டை_அகழி
எனக்கு ஒரு சந்தேகம். அமிர்தி பக்கம் தெரிவது வேலூர் மாவட்ட மலையா, திருவண்ணாமலை மாவட்ட மலையா? சட்டத்தில் பெயர் எழுதவேண்டுமே.

ராந்தல்
1989க்கு முன்னால் எல்லாம் வட ஆற்காடுதான். அதையே எழுதச் சொல்லுங்கள், 2019இல் வேலூரைப் பிரித்த மாதிரி இன்னொரு தடவை பிரித்தாலும் சட்டத்தை மாற்ற வேண்டாம்.

எஃப்8_வாத்தியார்
கொன்றையில் இரண்டு வகை உண்டு என்பது இங்கே யாருக்காவது தெரியுமா?

ராந்தல்
தெரியும். ஒன்று உங்களுடையது, ஒன்று என் வாசலில் இருப்பது.

பாலாறு_72 (ஞாயிறு, காலை 9:30)
கரைமேல் 6:05க்கு எடுத்தேன். மரம் மரமாகத் தெரிகிறது. எட்டு மணிக்கு ஏரிக்குள் இறங்கி லைவ் வியூவில் பார்த்தேன், அப்போதே லேசாக நெளிய ஆரம்பித்துவிட்டது. லென்ஸ் நல்லாத்தான் இருக்கிறது. ஆரணி அண்ணாவுக்கும் சுருதி அக்காவுக்கும் நன்றி. படம் அப்புறம் போடுகிறேன், கரண்ட் இல்லை.

முள்ளுக்கத்திரி (புதன்)
படம் எங்கே சார்? கொன்றை பூத்திருந்ததா?

ராந்தல் (வெள்ளி)
டார்ச் அடித்துப் பார்த்தீர்களா தம்பி?