புதிய டிரைவர்களை எளிதாக ஏற்கும் கெர்னல்: இடைமுக வடிவமைப்பில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கற்பதற்காகச் சிறிய கெர்னல் (வன்பொருளை நிர்வகிக்கும் இயங்குதளக் கரு) ஒன்றை எழுதி வருகிறேன். புதிய டிரைவரை (ஒரு சாதனத்தை இயக்கும் நிரலை) சேர்க்கும் ஒவ்வொரு முறையும் கெர்னலின் மையப் பகுதியையே திருத்த வேண்டியிருப்பதால், டிரைவர் இடைமுகத்தை முதலிலிருந்து மாற்றியமைக்க விரும்புகிறேன்.

லினக்ஸில் கெர்னல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாட்யூல்களை (டிரைவர் போன்ற கூடுதல் நிரல் பகுதிகளை) ஏற்றலாம் என்றாலும், அதன் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல என்பதால், வெளியே பராமரிக்கப்படும் டிரைவர்களைப் புதிய பதிப்புகளுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே இருக்க நேர்கிறது. மினிக்ஸ் 3 என்ற இயங்குதளம் டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே, தனித்தனிப் பயனர் நிலைப் புராசஸ்களாக இயக்கி, செயலிழந்ததை மீண்டும் தொடங்குகிறது. இந்த வழியே எனக்குச் சரியெனப் படுகிறது.

என் சிக்கல் டி.எம்.ஏ.வில் (செயலியின் வழியாக அல்லாமல் சாதனமே நினைவகத்தை நேரடியாக அணுகும் முறையில்) இருக்கிறது. பயனர் நிலையில் ஓடும் டிரைவர் தவறான நினைவக முகவரியைச் சாதனத்திடம் கொடுத்துவிட்டால், சாதனம் நேரடியாக அங்கே எழுதிவிடும். புராசஸ்களுக்கு இடையிலான பிரிப்பு அதைத் தடுக்காது. சாதனங்கள் அணுகக்கூடிய நினைவகத்தை வரையறுக்கும் வன்பொருளான ஐ.ஓ.எம்.எம்.யு. உள்ள கணினிகளில் இதைக் கட்டுப்படுத்தலாம். அது இல்லாத வன்பொருளில் டிரைவர் தரும் டிஸ்கிரிப்டர்களை (நினைவக முகவரி போன்றவற்றைச் சாதனத்துக்குச் சொல்லும் பதிவுகளை) கெர்னலே சரிபார்ப்பதென்றால், ஒவ்வொரு சாதனத்தின் டிஸ்கிரிப்டர் வடிவத்தையும் கெர்னல் அறிந்திருக்க வேண்டும்; நான் தவிர்க்க நினைப்பதே அதைத்தான்.

இன்டரப்ட் (சாதனம் கவனம் கோரி அனுப்பும் சைகை) குறித்தும் ஓர் ஐயம் உண்டு. ஒரே இன்டரப்ட் இணைப்பைப் பல சாதனங்கள் பகிரும்போது, ஒரு டிரைவர் பதிலளிக்கும் வரை கெர்னல் அதை மறைத்து வைத்தால் மற்றவையும் காத்திருக்க நேரும்.

இவ்விரண்டையும் நடைமுறையில் கையாண்டவர்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த வழியையும் அதற்கான காரணத்தையும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.