ஸீகூஃப்ளேயில் மதகு திறந்தபோது

கிராஸிபார்க் வாசி:

மழைக்காலம் வரப்போகிற நேரத்தில் எங்கள் கேப் டவுனின் ஸீகூஃப்ளே ஏரித் தண்ணீரை மெனக்கெட்டுக் கடலுக்கு விடுகிறார்கள் என்று தஞ்சாவூரில் இருக்கும் மாமாவிடம் சொன்னேன். "அந்த ஊரில் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது மாமா, அவர்கள்தான் திறக்கிறார்கள்.

கேப் டவுனில் மழை பெய்வது குளிர்காலத்தில், பெரும்பாலும் மே முதல் ஆகஸ்டு வரை. அதற்கு முன்பே மாநகராட்சி ஆட்கள் ஸீகூஃப்ளேயின் மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்குவார்கள். வடிகிற நீர் கால்வாய் வழியாக ஃபால்ஸ் வளைகுடாவில் கலந்துவிடும். அடியில் மண்டிய சேறு கொஞ்சமாவது அதோடு போகட்டும், பிறகு மழை வந்து நிரப்பட்டும் என்பது கணக்கு. நம் கண்மாயில் மடை திறப்பது வயலுக்காக, இங்கே சேற்றுக்காக.

அப்படித் திறந்திருந்த சமயம் கரையோரம் போனேன். படகுத்துறையின் மரக்கால்கள் அடிவரை வெளியே தெரிந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. சேற்றில் பிளாஸ்டிக் புட்டிகள், ஒற்றைச் செருப்புகள், சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று. அதன் கைப்பிடிமேல் ஒரு கடற்காகம். சற்றுத் தள்ளி நெடுங்கால் உள்ளான்கள் எதையும் கண்டுகொள்ளாமல் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. குப்பை பொறுக்கிய சரணாலயப் பணியாளரிடம், இவ்வளவும் ஏரிக்கு வருகிறவர்கள் போட்டதா என்று கேட்டேன். அவர் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டினார்.

பெரிய லோட்டஸ், சிறிய லோட்டஸ் என இரண்டு ஆறுகள் இந்த ஏரியில் சேர்கின்றன. ஆறு என்பது பேச்சுக்குத்தான்; பல இடங்களில் வெறும் சிமெண்ட் கால்வாய். பிலிப்பி காய்கறித் தோட்டங்களின் உரமும் தெருக்களின் குப்பையும் அதில்தான் வருகின்றன. இங்கே சாக்கடைக் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. தெருவோரக் கம்பி மூடிக்குள் நாம் ஊற்றுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, நேரே ஏரிக்குத்தான். விசேஷ வீட்டில் அண்டா கழுவிய எண்ணெய்த் தண்ணீரை அதில் சாய்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

2021இல் கழிவுநீர் கலந்து ஸீகூஃப்ளே, ஸான்ட்ஃப்ளே, ரீட்ஃப்ளே மூன்று ஏரிகளுமே படகுக்காரர்களுக்கு மூடப்பட்டன. பூட்டியது ஏரியை, கோளாறோ குழாய்களிலும் பம்பு நிலையங்களிலும். ஏரி நிர்வாகம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி அங்கேதான் நடக்க வேண்டும் என்பேன்.

பிரிட்டோரியா மாமி:

நீங்கள் கொடுத்துவைத்தவர் தம்பி. ஏரியும் மதகும் கால்வாயும் ஒரே மாநகராட்சியின் பொறுப்பு. எங்கள் பக்கம் ஹார்ட்பீஸ்போர்ட் அணையைப் பாருங்கள். அணை மத்திய அரசின் நீர்த்துறைக்குச் சொந்தம். கரை மடிபெங் நகராட்சியில். கழிவு வருவதோ மேலே ஜோஹன்னஸ்பர்க் பக்கமிருந்து, யூக்ஸ்கி ஆற்றில் இறங்கி குரோக்கடைல் ஆறு வழியாக. யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகாயத்தாமரையைத் தின்பதற்கு ரோட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு தத்துப்பூச்சியை விட்டிருக்கிறார்கள். கரையில் குடியிருப்பவர்களும் தொட்டியில் வளர்த்துத் தருகிறார்கள். ஒரு தொட்டியில் குனிந்து பார்த்தேன்: அரிசிக் குருணை அளவுதான், இலையைத் தட்டினால் தெறித்து ஓடுகிறது. அது தின்று தீர்த்த இடத்தில் பிறகு சால்வினியா என்ற மிதக்கும் பெரணி படர்ந்தது. அதற்கு வேறு வண்டு. மேலிருந்து சத்து வந்துகொண்டே இருந்தால் ஒன்று போனால் இன்னொன்று முளைக்கத்தானே செய்யும்?

கிராஸிபார்க் வாசி:

ஒரே கையில் இருந்தாலும் சண்டைக்குக் குறைவில்லை மாமி. சீக்கிரம் மதகை மூடு என்கிறார்கள் பாய்மரப் படகுக்காரர்கள். இன்னும் சில வாரம் சேறு கிடக்கட்டும் என்கிறார்கள் பறவை பார்ப்பவர்கள். கரையோர வீட்டுக்காரர்களுக்கு நாற்றம் போனால் போதும். ஆலோசனைக் கூட்டத்தில் மூன்று கட்சிக்கும் பதில் சொல்லிவிட்டு, மழை எப்போது வரும் என்று மதகுக்காரர் வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முந்தி மூடினால் சேறு தங்கிவிடும். பிந்தி மூடினால் கோடையில் ஏரி நிரம்பாமல் கிடக்கும்.