எங்கள் தெரு, பாளையங்கோட்டை

பார்வதி அக்கா: பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் காத்திருப்பவர்கள் தயவுசெய்து எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஏசிக்காகக் கால்மணி நேரம் ஓடவிடுகிறீர்கள். சின்னப் பிள்ளைகளின் மூக்குக்கும் புகைக்குழாய்க்கும் அதிக உயர வித்தியாசம் கிடையாது.

கடை அண்ணாச்சி: நம் ஊர் டெல்லி இல்லையே அம்மா. ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுமே?

பார்வதி அக்கா: ஆடிக்குச் சரி அண்ணாச்சி. மார்கழி விடியலில் காற்றே அசையாது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கிவிடும், அதற்கு மேலே வெப்பக் காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். வண்டிப்புகை எங்கே போகும்? பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போதும் அது முழுவதும் கலைந்திருக்காது. ஊர்க் காற்று மாசின் சராசரி அளவு நன்றாகவே இருக்கட்டும், வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்பவரின் மூச்சில் போவது அந்தச் சராசரி அல்ல. மார்கழியில் நெபுலைசர் வைக்கக் கொண்டுவரும் குழந்தைகளை வார்டில் பார்க்கிறேன். மனது கேட்கவில்லை.

செல்வம்: அக்கா, என் வண்டி பிஎஸ்-6, புகையைக் குறைக்க வந்த புது விதிப்படி செய்தது. 2020 ஏப்ரலிலிருந்து பெட்ரோல், டீசலில் கந்தகமும் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆகிவிட்டதே. அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் அல்லவா கூடும்?

பார்வதி அக்கா: கூடாது தம்பி. சில விநாடிக்கு மேல் நிற்பதென்றால் அணைப்பதுதான் மிச்சம். பிஎஸ்-6 வந்தது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் பிரேக்கும் டயரும் தேய்ந்து உதிரும் தூசி, சக்கரம் கிளப்பும் சாலை மண், இவை மின்சார வண்டியிலும் உண்டு. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். அந்தத் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40.

ஆச்சி: பேரனுக்கு இளைப்பு இருக்கிறது. துணி முகக்கவசம் போட்டு அனுப்பட்டுமா?

பார்வதி அக்கா: துணி அந்தத் துகளைச் சரியாகத் தடுக்காது ஆச்சி. மெயின் ரோட்டை விட்டுப் பின் தெரு வழியாக நடக்கச் சொல்லுங்கள். சாலையை விட்டு விலக விலகப் புகை வேகமாகக் குறையும்.

சுப்பு மதினி: காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதாதா?

பார்வதி அக்கா: முன்னால் போகும் பஸ்ஸின் புகையை ஏசியே உள்ளே இழுக்கும் மதினி. நெரிசலில் வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை அழுத்துங்கள். பள்ளி வாசலிலோ, வேப்பமரத்தடியில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடலாம்.

செல்வம்: சரி அக்கா, இன்று மாலையே அணைத்துவிடுகிறேன்.

கடை அண்ணாச்சி: சரக்கு இறக்கும் லாரிக்காரரிடமும் சொல்கிறேன்.

சுப்பு மதினி: ஆச்சி, திங்கட்கிழமை 8 மணிக்குப் பேரனைப் பிள்ளையார் கோயில் பக்கம் அனுப்புங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு பின் தெரு வழியாக நானே கூட்டிப் போகிறேன்.