அர்ச்சுனனை அரவான் மன்னிச்சிருப்பானா?

சிங்காநல்லூர்க்காரி:
எங்கூர் அரவான் நோம்பி பாத்தவங்களுக்குத் தெரியுமுங்க, மாலை போட்டு சாமியத் தூக்கிட்டு வர்றப்ப எங்க அம்முச்சி வருசா வருசம் முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டே "பெத்தவன் ஒரு நாளு மடியில வெச்சிருப்பானா"ம்பாங்க. அரவானோட அம்மா, நாகர்குலத்து உலூபிகூட ஒரு ராத்திரி இருந்துட்டுப் போனவன் அர்ச்சுனன், பையன வளத்ததெல்லாம் அம்மாதான், ஆனா பாரதப் போர்ல ஜெயிக்கறதுக்கு முன்னாடியே குடுக்கற களப்பலிக்கு 32 லட்சணம் இருக்கற ஆளு வேணும்னதும் கிருஷ்ணரையும் அர்ச்சுனனையும் விட்டுட்டு இவன்தான் ஞாபகத்துக்கு வந்தான். அப்பன் ராசாவா இருந்தா மன்னிச்சுரணுமுங்களா? எங்கய்யன் எனக்கு எட்டு வயசுல விட்டுட்டுப் போனவரு, இப்ப ஒடம்பு முடியாம வந்து நிக்கறாரு, அதான் கேக்கறேன்.

நொய்யல்கரை:
வியாச பாரதத்துல களப்பலியே இல்லீங்க, அது நம்ம தமிழ்ப்பக்கம் வந்தது, 9ஆம் நூற்றாண்டு பெருந்தேவனார் பாரத வெண்பாலயே இருக்குது. வியாசர்ல அரவானே அப்பனத் தேடி இந்திரலோகம் போறான், "நான் உங்க பையன்"னு அவனே சொல்லிக்கறான். அர்ச்சுனன் கட்டிப்பிடிக்கறான், சரி, ஆனா கையோட கேட்டது "போர் வந்தா எங்களுக்கு ஒத்தாசைக்கு வா"ன்னு. இத்தன வருசம் எப்படிடா இருந்தேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? அந்தப் பையனும் வந்தான், எட்டாம் நாள்ல அலம்புசன்ங்கற அரக்கன் கையில செத்தான். நானா இருந்தா மன்னிக்க மாட்டேன்.

தாராபுரத்தான்:
அர்ச்சுனனோட இன்னொரு பையன் பப்ருவாகனனையும் பாருங்க. அவன விட்டுட்டுப் போனது அவன் அம்மா சித்ராங்கதையோட அப்பா போட்ட நிபந்தனை, பேரன் எங்க நாட்டுக்குத்தான்னு, அதுல அர்ச்சுனன் மேல முழுத் தப்பும் சொல்ல முடியாது. ஆனா அசுவமேதக் குதிரையோட வந்தப்ப பையன் மரியாதையா எதுக்க வந்து நிக்கறான், அப்பன் "நீயெல்லாம் சத்திரியனா"ன்னு திட்டறான், அப்பறம் உலூபி தூண்டிவிட்டு சண்டை, பையன் அம்புலயே அர்ச்சுனன் விழுந்துட்டான். உலூபி உசுரு குடுக்கற நாகமணிய வெச்சு எழுப்பறவரைக்கும் பையன் சோறுதண்ணி இல்லாம உசுர விடறேன்னு உக்காந்திருந்தான். கோவம் அத்தன இருந்தவனுக்கு பாசமும் அத்தன இருந்துச்சு, ரெண்டுல எதையும் பொய்யின்னு சொல்ல எனக்கு மனசு வரலைங்க.

கோபி அக்கா:
கண்ணு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, மருந்து வாங்கிக் குடு, அது யாருக்குனாலும் செய்யறதுதான். மன்னிக்கறதுக்கு உன்னைய யாரும் அவசரப்படுத்த வேண்டாம், ஒறம்பரை நாலு பேரு வந்து என்ன வேணா சொல்லுவாங்க. உங்கம்மா என்ன சொல்றாங்க, அத மொதல்ல கேளு. அவங்கதான தனியாக் கெடந்து வளத்தாங்க.

சிங்காநல்லூர்க்காரி:
அம்மா ஒண்ணுமே சொல்லலைங்க்கா, ஒரு சொம்புத் தண்ணியக் கொண்டுவந்து திண்ணையில வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போறேன். உக்காந்து தண்ணி குடிச்சுட்டு மொதல்ல கேட்டாரு, "எத்தனாவது படிக்கற கண்ணு"ன்னு. நான் வேலைக்குப் போயி 11 வருசமாச்சுங்க.