கூடலூர்ப் பக்கம் சிக்கிள் செல் முகாம்: சாலுபிலிட்டி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன?

மலைச்சரிவு:

அடுத்த மாதம் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பழங்குடிக் குடியிருப்புகளில் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய்) பரிசோதனை முகாம் போடுகிறோம். பணியர், காட்டுநாயக்கர், குரும்பர் குடும்பங்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 600 பேர். கையில் சாலுபிலிட்டி கிட் இருக்கிறது. பாசிட்டிவ் வருபவர்களின் ரத்தத்தை எச்.பி.எல்.சி.க்கு (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் டெஸ்ட்) கோவைக்கு அனுப்புவதாகத் திட்டம்.

நெகட்டிவ் என்றால் அந்த ஆளை அத்தோடு விட்டுவிடலாமா? கைக்குழந்தைக்கும் இதே டெஸ்ட் போதுமா? பாசிட்டிவ் வந்தவரிடம் அன்றைக்கே என்ன சொல்வது? தன்னார்வலர்களில் சிலர், "ரெண்டு பாசிட்டிவ் கல்யாணம் கட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேறு என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெளிவில்லை.

சோதனைக்குழாய்:

டெஸ்ட்டிலிருந்து தொடங்குகிறேன். இந்த ரத்தத்தில் சிக்கிள் செல்லுக்குக் காரணமான ஹீமோகுளோபின் எஸ் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் சாலுபிலிட்டி சொல்லும். எஸ் மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள கேரியரா (ஏ.எஸ்.), இரண்டும் உள்ள நோயாளியா (எஸ்.எஸ்.) என்று பிரித்துக் காட்டாது. ஆகவே முகாமில் வைத்து யாரிடமும் "உங்களுக்கு நோய்" என்றும் சொல்லாதீர்கள், "கேரியர்தான், கவலை இல்லை" என்றும் சொல்லாதீர்கள். "இன்னொரு டெஸ்ட் பாக்கி, இந்தத் தேதியில் ரிசல்ட்டோடு வருவோம்" என்பது போதும். சொன்ன தேதியில் போய்விடுங்கள்.

செய்முறை எளிது. 2 மி.லி. ரியேஜன்ட்டில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் (அளவு கிட்டுக்குக் கிட்டு மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பதே கணக்கு). கலக்கி ஐந்து நிமிடம் வைத்து, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் நெகட்டிவ், கலங்கிக் கோடு மறைந்தால் பாசிட்டிவ். ரியேஜன்ட்டில் உள்ள சாபோனின் சிவப்பணுவை உடைக்கிறது. டைதயோனைட் ஆக்சிஜனைப் பறிக்கிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் எஸ் அடர்ந்த பாஸ்பேட் கரைசலில் கரையாமல் கலங்கி நிற்கிறது.

கெடுவது பெரும்பாலும் டைதயோனைட்டால். ஈரக்காற்று பட்டால் அதன் வீரியம் போய்விடும், பிறகு எல்லாரும் நெகட்டிவ்தான். உங்கள் ஊர் மழையில் இதுதான் முதல் கவலை. தெரிந்த ஏ.எஸ். ரத்தம் ஒன்று, சாதாரண ரத்தம் ஒன்று, இரண்டையும் தினமும் காலையில் போட்டுப் பார்க்காமல் முகாமைத் தொடங்காதீர்கள். புதிய பாட்டில் திறக்கும்போதும் அப்படியே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரியேஜன்ட் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே ரத்தம் விட வேண்டும்.

அடுத்தது ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருந்தால் கலங்கும் அளவுக்குச் சரக்கு இருக்காது. பொய் நெகட்டிவ் வரும். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், 7க்குக் கீழே என்றால் ரத்தத்தின் அளவை இரட்டிப்பாக்குங்கள். எஸ்.எஸ். நோயாளிகளுக்கே ரத்தம் குறைவாக இருக்கும் என்பதால் இங்கே தவறவிடுவது மிகவும் தேவைப்பட்ட ஆளைத்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த டெஸ்ட் ஆகவே ஆகாது. உடம்பில் இருப்பது பெரும்பாலும் கருவிலிருந்தே வரும் சிசு ஹீமோகுளோபின், எஸ் இன்னும் குறைவு. கடந்த நான்கு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏற்றிய ரத்தம் ரிசல்ட்டைக் குழப்பும். ரத்தத்தில் கொழுப்போ புரதமோ மிகுந்திருந்தாலும், கை தவறி ரத்தம் அதிகம் விட்டாலும் பொய் பாசிட்டிவ் வரும். அது எச்.பி.எல்.சி.யில் அடிபட்டுப்போகும்.

கோவைக்கு அனுப்பும் ரத்தம்: ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் 2 மி.லி., எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, 2 முதல் 8 டிகிரியில். ஐஸ் கட்டி குழாயில் நேராகப் படக் கூடாது, உறைந்து அணுக்கள் உடைந்துவிடும். எச்.பி.எல்.சி.க்கு ஒரு வாரம் வரை தாங்கும். ரத்த அணு எண்ணிக்கையை மட்டும் 24 மணி நேரத்துக்குள் உள்ளூரிலேயே முடித்துவிடுங்கள். நேரம் ஆக ஆகச் சிவப்பணு ஊதி எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) கூடிக் காட்டும்.

இரட்டைச்சுருள்:

எம்.சி.வி. ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சேர்க்கிறேன். எச்.பி.எல்.சி. தாளை எடுத்ததும் ஏ (சாதாரண ஹீமோகுளோபின்) எவ்வளவு, எஸ் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண கேரியருக்கு ஏ-தான் எப்போதும் அதிகம்; எஸ் 35 முதல் 40 சதவீதம். ஆல்ஃபா தலசீமியாவும் (தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரைக் குறை) கூட இருந்தால் எஸ் 30 பக்கம் இறங்கும். ஏ-யை விட எஸ் அதிகம் என்றால் அவர் கேரியர் அல்ல. ஒரு பக்கம் எஸ், மறுபக்கம் பீட்டா தலசீமியா, அதாவது நோயாளி, எம்.சி.வி.யும் குறைந்திருக்கும். ஏ அறவே இல்லையென்றால் எஸ்.எஸ்., அல்லது எஸ்-பீட்டா ஜீரோ (பீட்டா தலசீமியாவில் ஏ துளியும் உருவாகாத வகை). இந்த இரண்டையும் பிரிக்கப் பெற்றோரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும்.

லேபில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. கேரியரின் தாளில் ஏ2 (எல்லாருக்கும் சிறிதளவு உள்ள வகை, பீட்டா தலசீமியா கேரியருக்குக் கூடும்) 4 சதவீதத்தைத் தொட்டு நிற்கும். உடனே "தலசீமியாவும் இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். சர்க்கரை ஒட்டிய எஸ்ஸின் ஒரு பகுதி ஏ2 இருக்கும் இடத்திலேயே வெளிவருவதால் வரும் பொய்க் கணக்கு அது. ஏ-எஸ் விகிதமும் எம்.சி.வி.யும் சரியாக இருந்தால் அந்த ஏ2-ஐ நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நெகட்டிவ் வந்தவரை விட்டுவிடலாம், அவர் ஒரு கேரியரின் கணவனோ மனைவியோ இல்லாதவரை. கேரியரின் துணைக்குச் சாலுபிலிட்டி நெகட்டிவ் போதவே போதாது. அவர் பீட்டா தலசீமியா கேரியராக இருந்தால் சாலுபிலிட்டி அதைப் பார்க்காது, ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஹீமோகுளோபின் டி பஞ்சாபும் (இன்னொரு மாறிய வகை) அப்படியே. துணைக்கு ரத்த அணு எண்ணிக்கை, எச்.பி.எல்.சி. இரண்டும் வேண்டும்.

திட்டமிட ஒரு கணக்கு. ஒரு குடியிருப்பில் கேரியர்கள் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி தற்செயலாக அமைந்தால் 0.15 பெருக்கல் 0.15, அதாவது 100 ஜோடியில் இரண்டுக்குச் சற்று மேல் இருவருமே கேரியர். அதில் நாலில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 180 பிறப்பில் ஒன்று எஸ்.எஸ். கேரியர்கள் 5 சதவீதம்தான் என்றால் அது 1600 பிறப்பில் ஒன்றாகிவிடும். சொந்தத்துக்குள் கட்டும் சின்னக் குடியிருப்பில் இதைவிடக் கூடும். 600 பேரில் நீங்கள் தேடுவது சில பத்து கேரியர்களையும் விரல்விட்டு எண்ணும் நோயாளிகளையும்தான். அந்தச் சிலருக்கான மருந்தும் படுக்கையும் தயாரா என்பதை முகாமுக்கு முன்பே பேசி வையுங்கள்.

மலைச்சரிவு:

மிக்க நன்றி. பத்து நிமிடத்தில் கேரியரா நோயாளியா என்றே காட்டும் ஸ்ட்ரிப் கிட் வந்திருக்கிறதே, அதை வாங்கினால் கோவைக்கு அனுப்பும் வேலை மிச்சமாகுமா?

இரட்டைச்சுருள்:

பாதி மிச்சம். ஆன்டிபாடி ஸ்ட்ரிப் ஏ, எஸ், சி (இன்னொரு மாறிய ஹீமோகுளோபின்) இருக்கிறதா என்று தனித்தனிக் கோடாகக் காட்டும், அளவு காட்டாது. எஸ்-பீட்டா பிளஸ் (ஏ கொஞ்சம் உருவாகும் வகை) நோயாளிக்கும் ஏ கோடு, எஸ் கோடு இரண்டும் வரும். கேரியர் என்று எழுதி அனுப்பிவிடுவீர்கள். ரத்தம் ஏற்றிய எஸ்.எஸ். குழந்தைக்கும் அதே கதை. அறிகுறி இருந்தாலோ எம்.சி.வி. குறைந்திருந்தாலோ ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும் ரத்தத்தை அனுப்புங்கள். தொலைதூரக் குடியிருப்புக்கும் சிசுவுக்கும் ஸ்ட்ரிப் நல்லது.

நீலமலை:

நம்ம பக்கத்து வகை லேசானது என்றுதானே சொல்வார்கள்? சிசு ஹீமோகுளோபின் அதிகம், அதனால் ஆப்பிரிக்க வகை மாதிரி தொந்தரவு இல்லை என்று படித்திருக்கிறேன்.

இரட்டைச்சுருள்:

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. நீலகிரியில் 1952ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எஸ்ஸைக் கண்டறிந்தது முதல் ஆய்வு நடக்கிறது. இங்குள்ளவர்களிடம் இருப்பது அரபு-இந்திய ஹாப்லோடைப் (எஸ் மரபணுவோடு சேர்ந்தே வரும் மரபணுத் தொகுப்பு). அதோடு சிசு ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் நிறைய இருக்கும், சராசரியில் நோய் தணிந்திருக்கும். ஆனால் சராசரியை வைத்து ஒரு குழந்தைக்கு மருந்தை மறுக்க முடியாது. அதே ஹாப்லோடைப் உள்ள மத்திய இந்தியக் குழந்தைகளுக்குக் கடுமையான வலியும் சோகையும் வருகின்றன. "லேசான வகை" என்று கேஸ் ஷீட்டில் எழுதும் வழக்கமே வேண்டாம்.

பாலர்நலம்:

குழந்தைகள் பகுதிக்கு வருகிறேன். முகாமின் உண்மையான பலன் இங்கேதான்.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி வடிதாளில் சொட்டு எடுத்து எச்.பி.எல்.சி.க்கு அனுப்பலாம். எஃப்.ஏ.எஸ். (எஃப் என்பது சிசு ஹீமோகுளோபின்) என்றால் கேரியர், எஃப்.எஸ். என்றால் நோய் என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு உறுதி செய்ய வேண்டும். அவசரத்துக்குக் காரணம், ரத்தத்திலுள்ள கிருமியை வடிகட்டும் மண்ணீரல். நோயுள்ள குழந்தையின் மண்ணீரல் முதல் சில ஆண்டுகளிலேயே செயலிழக்கத் தொடங்கும். நியூமோகாக்கஸ் கிருமி காய்ச்சலில் தொடங்கி ஒரே நாளில் உயிரை எடுத்துவிடும். 1986ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சிறு குழந்தைகளுக்குத் தினமும் வாய்வழி பெனிசிலின் கொடுத்ததில் அந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பிறந்ததுமே பரிசோதிக்க வேண்டும் என்ற கொள்கை பரவியதற்கு அந்த ஆய்வே வலுவான காரணம். மரபணுவை மாற்றவில்லை, யாருக்கு என்று முன்கூட்டியே தெரிந்ததால் மலிவான மாத்திரை வேலை செய்தது.

வழக்கமான அளவு: இரண்டாம் மாதத்திலிருந்து மூன்று வயது வரை பெனிசிலின் வி 125 மி.கி. காலை, மாலை; பிறகு ஐந்து வயது வரை 250 மி.கி. இரு வேளை. நியூமோகாக்கஸ் தடுப்பூசி தவறக் கூடாது. ஹைட்ராக்ஸியூரியாவை (சிசு ஹீமோகுளோபினைக் கூட்டும் மருந்து) மருத்துவர் தொடங்கி, ரத்த அணு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து அளவை மாற்றுவார். தொடர்ந்து கிடைக்க வழி இல்லாமல் தொடங்கி விட்டுவிடுவதில் பயனில்லை.

தாய்க்குச் சொல்லித்தர வேண்டியவை இரண்டு. 38.5 டிகிரி காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி. அடுத்தது, இடது விலா எலும்புக்குக் கீழே விரலால் தடவி மண்ணீரலைப் பார்ப்பது. திடீரென்று வீங்கி, குழந்தை வெளிறினால் ரத்தம் மண்ணீரலில் தேங்குகிறது என்று பொருள், மணிக்கணக்கில் ஆபத்து. ஜமைக்காவில் தாய்மாருக்கு இதைக் கற்றுக்கொடுத்ததிலேயே சாவு குறைந்தது. வாரம் ஒருமுறை ஒரு குச்சியை வைத்து அளந்து கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

தூதுவளை:

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். "பாசிட்டிவும் பாசிட்டிவும் கட்டாதே" என்பது கிரீஸில் ஓர்கோமெனோஸ் ஊரில் செய்து பார்த்துத் தோற்ற வழி. ஊரையே பரிசோதித்து அறிவுரை சொன்னார்கள். கேரியர் என்று தெரிந்தவர்கள் அதை மறைத்தார்கள். இருவரும் கேரியரான திருமணங்கள் குறையவில்லை. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் கேரியரையும் நோயாளியையும் ஒன்றாகக் குழப்பி வேலையும் இன்ஷூரன்ஸும் மறுத்தார்கள். விமானப்படை அகாடமியில் கேரியர்களைச் சேர்க்கத் தடை 1981 வரை இருந்தது.

சார்டினியாவில் பீட்டா தலசீமியாவுக்கு வேறு வழியில் போனார்கள். யாரை மணப்பது என்று சொல்லவில்லை. ஜோடிகளைக் கண்டுபிடித்து, கர்ப்பத்தில் பரிசோதிக்கும் வசதியை அருகில் கொண்டுவந்து, முடிவை அவர்களிடமே விட்டார்கள். 250 பிறப்பில் ஒன்று என்றிருந்தது 4000ல் ஒன்றானது.

உங்கள் முகாமில் சொல்ல வேண்டியது: கேரியருக்கு நோய் இல்லை, மருந்து வேண்டாம், வேலை செய்யலாம். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்ற கணக்கு தவறு. கர்ப்பம் தெரிந்ததும் முதல் செக்கப்பிலேயே துணையின் ரிசல்ட்டோடு வரச் சொல்லுங்கள். நஞ்சுத் திசுப் பரிசோதனை (நஞ்சுக்கொடித் திசுவில் கருவின் மரபணுவைப் பார்ப்பது) 11 முதல் 13 வாரத்துக்குள். பெற்றோர் இருவரின் மரபணு மாற்றம் முன்பே தெரிந்திருந்தால்தான் முடிவு நேரத்துக்கு வரும். கருவைப் பரிசோதிப்பது குறித்த 1994 சட்டம் பாலினம் பார்க்கத்தான் தடை விதிக்கிறது. ஹீமோகுளோபின் நோய்களுக்கான பரிசோதனைக்குப் பதிவு பெற்ற மையங்களில் அனுமதி உண்டு. வேண்டாம் என்பவர்களுக்குப் பிறந்ததும் குதிகால் சொட்டு எடுக்க இப்போதே பெயர் குறித்துவிடுங்கள். நோயாளிகளுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம் உண்டு, சான்றிதழுக்கு வழிகாட்டுங்கள்.

ரிசல்ட்டை மைக்கில் படிக்காதீர்கள். நிற அட்டை கொடுப்பதானால் உறைக்குள் வைத்து அவரவர் கையில். மனைவியின் முடிவை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வருவது, நல்ல எண்ணத்தோடு செய்தாலும், ஒரு குடும்பத்தை உடைக்கப் போதும்.

சோதனைக்குழாய்:

ஒரு சின்ன விஷயம். ஒரே குடியிருப்பில் நாலு வெள்ளச்சி, மூணு மாறன் இருப்பார்கள். குழாயில் பெயர் மட்டும் எழுதினால் ரிசல்ட் மாறிப்போகும். வீட்டு எண், வரிசை எண், தாய் பெயர் மூன்றும் குழாயிலும் பதிவேட்டிலும் ஒரே கையால், ரத்தம் எடுக்கும் இடத்திலேயே எழுதப்பட வேண்டும். பேனா மழையில் கரையாததாக இருக்கட்டும்.