பில்லி ஹாலிடேயைக் கேட்கத் தொடங்க 'லேடி இன் சாட்டின்' சரியான இடமா?

தட்டுச்சேகரம்:
போன வாரம் இங்கே மழைத்தூறல், "பழைய ஜாஸ் பாடகர்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?" என்று கேட்டிருந்தார். பதில் சொன்ன பெரும்பாலானோர் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தைக் கை காட்டினார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அதனால்தான் தனித் திரி.

அந்த ஆல்பம் பதிவானது 1958 பிப்ரவரியில். அப்போது அவருக்கு 42 வயது. அடுத்த ஆண்டு ஜூலையில் இறந்துவிட்டார். போதைப்பழக்கம், மது, 1947-இல் சிறை, அதன்பின் நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் பாடும் உரிமை பறிபோனது என்று அத்தனையும் சேர்ந்து அந்தக் குரலைத் தின்றுவிட்டிருந்தன. அதற்குப் பின்னால், வாத்தியக் குழுவை அமைத்த ரே எல்லிஸ் வயலின் கூட்டத்தையும், 'ஊ' என்று இழுக்கும் பெண் குரல்களையும் நிறுத்தி வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர் இதை முதலில் கேட்டால் பில்லி என்றாலே சோகம், சிதைவு என்றுதான் மனதில் பதியும். 20 வயதில் பியானோ கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு 'வாட் அ லிட்டில் மூன்லைட் கேன் டூ' பாடியபோது இருந்த துள்ளல் இருக்கிறதே, அதை அவர் தேடிக்கூடப் போகமாட்டார். பில்லியின் கலை 1935-லிருந்து 1942 வரை பதிவான சிறு குழுப் பாட்டுகளில்தான் இருக்கிறது. 'சாட்டின்'-ஐ விரும்புகிறவர்களில் பலர் பாட்டைக் கேட்கவில்லை, வாழ்க்கை வரலாற்றைத்தான் கேட்கிறார்கள்.

அந்திக்குரல்:
கடைசி வரியைக் கடுமையாக மறுக்கிறேன். பில்லி யார், எப்படி இறந்தார் என்று எதுவும் தெரியாமல்தான் 'ஐம் அ ஃபூல் டு வாண்ட் யூ' கேட்டேன். கேட்டதும் கையிலிருந்த வேலை அப்படியே நின்றுவிட்டது. வரலாறெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். தலைப்பு வரி அடுத்தடுத்து இருமுறை வருகிறது. இரண்டாம் முறை அதே சொற்கள், ஆனால் முதல் முறை ஒப்புக்கொண்ட ஒன்றை இப்போது தனக்கே சொல்லிக்கொள்வது போல இருக்கும். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா இதே பாட்டை 1951-இல் பாடினார், எழுதியவர்களில் அவரும் ஒருவர். உருகித்தான் பாடியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் குரலில் கெஞ்சல் இருக்கிறது. பில்லி கெஞ்சுவதில்லை. முடிந்துபோன விஷயத்தைப் பற்றிப் பேசுவது போலப் பாடுகிறார். குரல் கரகரப்பாக இருக்கிறது, நீண்ட சுரங்களின் முடிவில் உடைகிறது, சரி. அதனால் பாட்டு கெட்டுப்போன ஓர் இடத்தைக் காட்டுங்கள்.

பேஸ்காரன்:
நான் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான தந்தி வாத்தியம்) வாசிப்பவன், அதனால் தாளத்திலிருந்து பேசுகிறேன். பில்லி எந்தக் காலத்திலும் தாளத்தின் மேல் உட்கார்ந்து பாடியவர் இல்லை, சற்றுப் பின்னால்தான் வருவார். 1937-லும் அப்படித்தான், 1958-லும் அப்படித்தான். குரலின் எல்லை சுருங்கியது, தொனி தேய்ந்தது, ஆனால் எப்போது வரவேண்டும், எவ்வளவு தாமதிக்கலாம் என்ற கணக்கு கடைசிவரை பிசகவே இல்லை. 'யூவ் சேஞ்ச்ட்' பாட்டில் மில்ட் ஹிண்டனின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள், பில்லி எங்கே விழுகிறார் என்பது தெரியும்.

என் குறை குரலில் இல்லை, வாத்தியக் குழுவில். பில்லிக்கு எதிரில் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எழுதி வைத்த வயலின் பகுதி பதில் சொல்லாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டே மாதம் முன்பு, 1957 டிசம்பர் 8 அன்று, சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'த சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சியில் 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடினார். பென் வெப்ஸ்டர், கோல்மன் ஹாகின்ஸ், ஜெர்ரி மல்லிகன், ராய் எல்ட்ரிட்ஜ் என்று சுற்றிலும் நண்பர்கள். உடல்நலம் குன்றியிருந்த சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங் எழுந்து பன்னிரண்டே 'பார்' (தாள அளவு) வாசிக்கிறார், அவ்வளவுதான். கேமரா பில்லியின் முகத்தைக் காட்டும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் அவர் தலை அசைவதைப் பாருங்கள். அதே காலத்தின் அதே தேய்ந்த குரல்தான். ஆனால் அங்கே அவர் உரையாடுகிறார், 'சாட்டின்'-இல் தனியாக நிற்கிறார்.

அந்திக்குரல்:
பேஸ்காரன், அந்த ஒளிப்பதிவை நானும் போற்றுகிறேன். ஆனால் 'ஃபைன் அண்ட் மெல்லோ' ஒரு ப்ளூஸ், அவரே எழுதியது. 'சாட்டின்'-இல் இருப்பவையோ பிராட்வேக்கும் சினிமாவுக்கும் வானொலிக்கும் வேறு ஆட்கள் எழுதிய காதல் பாட்டுகள். இரண்டுக்கும் வேலை வேறு. 'க்ளாட் டு பி அன்ஹேப்பி' மாதிரி ஒரு பாட்டில் ஆளாளுக்குப் பதில் வாசித்தால் தனிமை எங்கிருந்து வரும்? தனியாக நிற்கிறார் என்றீர்களே, அந்தப் பாட்டுகளுக்கு அதுதானே வேண்டும்!

தட்டுச்சேகரம்:
"பாட்டு கெட்டுப்போன இடத்தைக் காட்டுங்கள்" என்று அந்திக்குரல் கேட்டார். 'த எண்ட் ஆஃப் அ லவ் அஃபேர்' கேளுங்கள். அந்தப் பாட்டு அவருக்குச் சரியாகப் படியாததால், வாத்தியத்தை முதலில் பதிந்துவிட்டுக் குரலை அதன்மேல் ஏற்றினார்கள். பாடகரும் வாத்தியமும் ஒட்டாமல் நிற்பது தெரிகிறது.

இப்போது நான் சொல்லவரும் உச்சத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1937 ஜூனில் பதிவான 'அ செயில்போட் இன் த மூன்லைட்'. பாட்டு சாதாரணமானது. நிலா, படகு, நீயும் நானும் என்று அந்தக் காலத்தில் ஆயிரம் பாட்டுகளில் இருந்த சரக்குதான். கை லம்பார்டோவின் நடனக் குழு அதைத் தேனில் ஊறவைத்து வாசித்துப் பிரபலப்படுத்தியிருந்தது. பில்லி என்ன செய்கிறார்? மெட்டில் உள்ள ஏற்ற இறக்கங்களில் பாதியை நீக்கிவிடுகிறார். இரண்டு மூன்று சுரங்களுக்குள் வரியை வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எப்போது விழ வேண்டும் என்பதை மாற்றுகிறார். அவர் மூச்சு விடும் இடங்களில் லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸ் நுழைகிறது. சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே போகின்றன, யார் முன்னால் யார் பின்னால் என்று பிரிக்க முடியாது. அவருக்கு 'லேடி டே' என்று பேர் வைத்தவர் லெஸ்டர், லெஸ்டரை 'பிரெஸ்' என்று அழைத்தவர் பில்லி. அந்த நெருக்கம் மூன்று நிமிடத் தட்டில் அப்படியே இருக்கிறது. ஒன்றுமில்லாத பாட்டை எடுத்து இப்படி ஆக்குவதுதான் ஜாஸ் பாட்டு. 'ஐம் அ ஃபூல்' ஏற்கெனவே நல்ல சோகப் பாட்டு, அதைச் சோகமாகப் பாடுவதில் புதிதாக என்ன இருக்கிறது?

நீலாம்பரி:
இடையில் நுழைகிறேன். யாருடைய விருப்பம் என்ற கேள்வியை இருவருமே தொடவில்லை.

1930-களில் அந்தப் பதிவுகள் பெரும்பாலும் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் தட்டு பாடும் இயந்திரம்) சந்தைக்காகச் செய்யப்பட்டவை. பில்லிக்கு ஒவ்வொரு பதிவுக்கும் ஒட்டுமொத்தக் கூலிதான், விற்பனையில் பங்கு கிடையாது. நல்ல பாட்டுகள் பல வெள்ளைப் பாடகர்களுக்கும் பெரிய குழுக்களுக்கும் போனபின் மிஞ்சியவை இவர்கள் மேசைக்கு வரும். அவ்வப்போது இர்விங் பெர்லினின் 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' மாதிரி நல்லதும் அகப்பட்டது. 1939-இல் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட விரும்பியபோது அவருடைய நிறுவனமான கொலம்பியா மறுத்துவிட்டது. மில்ட் கேப்லரின் சிறிய கமோடோர் நிறுவனத்துக்குப் போய்த்தான் பதிவு செய்ய முடிந்தது.

'சாட்டின்' அப்படியில்லை. ரே எல்லிஸின் ஆல்பம் ஒன்றைக் கேட்டுவிட்டு இவர்தான் வேண்டும் என்று பில்லியே கேட்டார். வயலின்கள் வேண்டும் என்பதும் அவர் ஆசை. பாட்டுகளை வரிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். லெஸ்டரோடு பாடியபோது அவர் பெரிய கலைஞர்தான், ஆனால் கொடுத்ததைப் பாடியவர். இங்கே தனக்கு வேண்டியதைப் பாடுகிறார். இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு "சிதைவு" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தட்டுச்சேகரம்:
நீலாம்பரி சொன்ன வரலாறு முக்கியமானது. ஆனால் கலைஞர் விரும்பியது என்பதால் ஒரு ஆல்பம் சிறந்ததாகிவிடாது. ரே எல்லிஸே பதிவின்போது அவர் பாடியது திருப்தி தரவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். கலவை முடிந்த பதிவைக் கேட்டபின்தான் மனம் மாறியது என்றார்.

சரி, பிற்காலப் பில்லிதான் வேண்டும் என்றால் 1957 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸுக்காகப் பாடியவை இருக்கின்றன, 'சாங்ஸ் ஃபார் டிஸ்டாங்கே லவ்வர்ஸ்'. பென் வெப்ஸ்டர், ஹாரி எடிசன், பார்னி கெசல், ஜிம்மி ரௌல்ஸ். பேஸ்காரன் கேட்ட பதில் சொல்லும் ஆட்கள் எல்லோரும் அங்கே உண்டு. குரல் தேய்ந்திருக்கிறது, ஆனால் ஸ்விங் (ஜாஸின் தாளத் துள்ளல்) இருக்கிறது. 'ஒன் ஃபார் மை பேபி' கேளுங்கள்.

மழைத்தூறல்:
கேள்வி கேட்டது நான்தான், அதனால் இதுவரை பேசியவற்றைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

'செயில்போட்' பிடித்திருந்தது, ஆனால் பழைய பதிவின் ஒலிக்குக் காது பழக நேரமெடுத்தது. பாட்டை விட லெஸ்டரின் சாக்ஸைத்தான் அதிகம் பின்தொடர்ந்தேன். 'சாட்டின்' ஆல்பத்தில் என்னைப் பிடித்தது யாரும் சொல்லாத பாட்டு: 'ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்'. இதையே செட் பேக்கர் 1954-இல் பாடியதையும் கேட்டேன். அவர் குரல் மெல்லியது, அழகானது, நீ இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொன்னால் அவரே பாதி நம்புவது போலிருக்கிறது. பில்லி பாடும்போது முதல் வரியிலேயே அது பொய் என்று தெரிந்துவிடுகிறது, ஆனாலும் அந்தப் பொய்யை முழு மரியாதையோடு சொல்கிறார். இது குரல் கெட்டதால் வந்ததா, பாடும் திறமையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இன்னொன்று. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஜாஸ் பாடகியிலிருந்து தொடங்கச் சொல்லி ஒருவர் தனிச் செய்தி அனுப்பினார். சரியா?

பேஸ்காரன்:
பாட்டு எப்படி எழுதப்பட்டதோ அப்படித் தெரிந்துகொள்ள எல்லாவை விடச் சிறந்தவர் கிடையாது. 1956-இல் வந்த கோல் போர்ட்டர் சாங் புக் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு சுத்தமாகக் கிடைக்கும். அப்புறம் பில்லிக்கு வந்தால் அவர் எதை மாற்றுகிறார் என்பது தானாகப் புரியும்.

அந்திக்குரல்:
மழைத்தூறல், அந்தப் பாட்டின் வரிகள் ஜேன் பிரவுன் தாம்ஸன் என்ற பெண்ணின் கவிதையிலிருந்து வந்தவை. ஹோகி கார்மைக்கேல் அதற்கு மெட்டமைத்தார். 1939-இல் வானொலியில் அது முதன்முதலாக ஒலிபரப்பாவதற்கு முந்தைய நாள் ஜேன் இறந்துபோனார், கேட்கவே இல்லை.

குரலா திறமையா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1958-இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் ஒரு பேட்டியில் பில்லி பற்றிப் பேச்சு வந்தது. பழைய பில்லியை விட இப்போதைய பில்லியைக் கேட்கவே விரும்புவதாகச் சொன்னார். பல ஆண்டுகள் பாடிய பிறகு ஒரு நாள்தான் ஒரு பாட்டின் பொருள் பாடுகிறவருக்கே பிடிபடும் என்பது அவர் காரணம். மைல்ஸ் வாழ்க்கை வரலாற்றுக்காகக் கண்ணீர் விடும் ஆள் இல்லை. அவர் காதால் பேசியவர். அதே காதால்தான் நானும் பேசுகிறேன்.

தட்டுச்சேகரம்:
மைல்ஸ் சொன்னது பில்லியைப் பல ஆண்டுகள் கேட்டு ஊறிய ஒருவரின் தேர்வு. 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' அவர் காதில் ஏற்கெனவே இருந்தது, அதனால் 1958-இன் குரலில் எது போயிற்று, எது தங்கியது என்று அவரால் எடைபோட முடிந்தது. மழைத்தூறலுக்கு அந்த வாய்ப்பையும் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். முதலில் 1937 ஜனவரிப் பதிவுகள் நான்கு: 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்', 'ஒய் வாஸ் ஐ பார்ன்', 'ஐ மஸ்ட் ஹேவ் தட் மேன்', 'ஹி எய்ன்ட் காட் ரிதம்'. அப்புறம் 1957-இன் 'டிஸ்டாங்கே லவ்வர்ஸ்'. அதன்பின் 'சாட்டின்'.

அந்திக்குரல்:
பாட்டு ஆளைப் பிடிப்பதற்கு முன்தகுதி கேட்கக் கூடாது. மழைத்தூறலை 'ஐ கெட் அலாங்' பிடித்துவிட்டது, லெஸ்டரைத் தேடி அவரே பின்னால் போவார். நான் போனேன்.

மழைத்தூறல்:
அந்த நான்கில் 'ஐ மஸ்ட் ஹேவ் தட் மேன்' இப்போதுதான் ஓடுகிறது. பில்லி முடித்ததும் லெஸ்டர் வருகிறார். இதில் குரலும் சாக்ஸும் ஒரே ஆள் போலப் பேசுகின்றன. தட்டுச்சேகரம், இவர்கள் இருவரும் சேர்ந்து பதிவு செய்தவை மொத்தமாக ஒரே தொகுப்பில் கிடைக்குமா?