காபிப் பூவை நெருக்கமாக எடுக்க எந்தப் பழைய ஃப்ளாஷ்: விவிடார் 283, 285, மெட்ஸ் 45?

அஸ்தம்பட்டி ஃபிலிம் அன்பர்:
வணக்கம். காபி பூக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஏற்காட்டுத் தோட்டங்களின் சில்வர் ஓக் நிழலில், பென்டாக்ஸ் கே1000 கேமராவில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டுப் பூங்கொத்துகளை நெருக்கமாக எடுக்க விரும்புகிறேன். சேலத்தில் பழைய கேமரா விற்பவர் ஒருவரிடம் விவிடார் 283, விவிடார் 285, மெட்ஸ் 45 சிடி-1 ஆகிய மூன்றும் உள்ளன. எதை வாங்கலாம்? பழைய ஃப்ளாஷால் கேமராவுக்குக் கேடு வருமா?

நாகலூர் தோட்டத்துக்காரர்:
வணக்கம் ஐயா. மூன்றில் மெட்ஸே வலிமையானது. மீட்டர் கணக்கில் அதன் கைடு நம்பர் (ஃப்ளாஷின் ஒளி வலிமையைக் காட்டும் எண்) 45, மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ 36. உங்கள் வேலைக்கோ வெளிச்சத்தைக் குறைக்கும் வசதிதான் முதலில் வேண்டும். கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் எஃப் எண்; எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும்) கிடைக்கும் என்பதால், ஒரு மீட்டரில் முழு ஒளியை அடித்தால் எஃப்/36 தேவைப்படும். சாதாரண லென்ஸ்கள் எஃப்/16 அல்லது எஃப்/22-உடன் நின்றுவிடுவதால் வெள்ளைப் பூவின் இதழ் மடிப்புகள் ஒன்றும் தெரியாமல் வெளுத்துவிடும். 285-இல் ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கலாம். கைடு நம்பர் 9 ஆகி, எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் இடையில் வைத்து எடுத்துவிடலாம். 283-இல் இதற்கு விபி-1 என்னும் தனி இணைப்பு வேண்டும். ஆகவே 285-ஐ வாங்குங்கள். ஷட்டரை 1/60-இல் வையுங்கள்.

மூடுபனி இறங்கினால் ஃப்ளாஷைக் கேமரா மேல் வைக்காதீர்கள். நீர்த்துளிகள் ஒளியை நேராக லென்ஸுக்கே திருப்பிவிடும். ஃப்ளாஷையும் கேமராவையும் இணைக்கும் சிங்க் கம்பியில் மாட்டிக் கைநீளம் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தால் இதழும் இலையும் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

சூரமங்கலம் பழுதுபார்ப்பவர்:
பழைய 283, 285 ஃப்ளாஷ்கள் சிலவற்றின் டிரிகர் வோல்டேஜ் (ஃப்ளாஷ் அடிக்கும்போது கேமராவின் தொடுமுனையில் வரும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டையும் தாண்டும். கே1000-இல் இருப்பது உலோகத் தொடுமுனை என்பதால் அது தாங்கும். அதே ஃப்ளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் கேமராவின் மின்சுற்று பழுதாகலாம். 285-இன் இன்னொரு வகையான 285எச்வி-யின் பெயரிலுள்ள எச்வி, வெளியிலிருந்து உயர் மின்னழுத்த பேட்டரியை இணைக்கும் வசதியைத்தான் சொல்கிறது. டிரிகர் வோல்டேஜைச் சொல்லவில்லை. ஃப்ளாஷைச் சார்ஜ் செய்து, அடிப்பாகத்தின் நடுமுனைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்.

அஸ்தம்பட்டி ஃபிலிம் அன்பர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அந்த 285 பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடக்கிறதாம். அப்படியே பேட்டரி போட்டு அடித்துப் பார்க்கலாமா?

சூரமங்கலம் பழுதுபார்ப்பவர்:
உடனே அடிக்க வேண்டாம். புதிய பேட்டரிகளைப் போட்டு, ரெடி விளக்கு எரிந்ததும் அணைத்துவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். இவ்வாறு சில முறை செய்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குப் பிறகும் விளக்கு எரிய நெடுநேரம் பிடித்தால் அதை வாங்காதீர்கள். மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், பேட்டரியை எடுத்த பின்னும் அது உடனே இறங்காது.